காலி வண்டி

ஷார்ஜா
14.6.98

அன்புள்ள அம்சாவுக்கு,

நான் நலம். உன் தலைவலி எப்படி இருக்கிறது? சென்னை விடுதியில் தீபாவுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? பொதட்டூர்பேட்டையில் அம்மாவும் தம்பி தணிகைமணியும் சுகமா? இங்கே வெயில் இரும்பை உருக்குகிறது. பட்டறையில் வெறுங்கையால் எதையும் தொட முடிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் நம்ம எல்லப்பன் லீவில் ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு மரப்பெட்டி கொடுத்து அனுப்புகிறேன். உள்ளே நான்கு ஸ்பிரிங், நான்கு ஷாக் அப்சர்பர். நம் எஸ்டீம் கார் இங்கே வேறு பெயரில் ஓடுகிறது. எங்கள் பட்டறையில் அதை ரேஸுக்குத் தயார் செய்யும்போது மாட்டுகிற சாமான்கள் இவை. போல்ட் ஓட்டைகூட மாறாது. தணிகையிடம் சொல்லி அரக்கோணத்தில் நல்ல மெக்கானிக்காகப் பார்த்து மாட்டச் சொல். மாட்டிய பிறகு வண்டி இரண்டு அங்குலம் தாழ்வாக நிற்கும். பயப்படாதே, அப்படித்தான் நிற்க வேண்டும்.

ஏன் என்று கேட்பாய். ஜனவரிக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. இந்தத் தடவை புதுப்பிக்கப்போவதில்லை. கனகம்மாசத்திரத்தில் மெயின் ரோட்டு மேலேயே ஒரு பட்டறை போடுகிறேன். சென்னையிலிருந்து திருப்பதிக்கு எத்தனை கார் போகிறது! அத்தனைக்கும் ரேஸ் வண்டியின் கால்களை மாட்டலாம். நம் வண்டிதான் ஊருக்குக் காட்டப்போகிற முதல் வண்டி. பதினான்கு வருஷம் வெளிநாட்டில் இருந்தவன் என்ன கொண்டுவந்தான் என்று கேட்பார்கள் இல்லையா? வித்தை கொண்டுவந்தேன் என்று சொல்வேன்.

நீ என்ன நினைக்கிறாய், எழுது. ஐ.எஸ்.டி. பூத்தில் வேண்டாம். போன தடவை நீ பேசியதைவிட உனக்குப் பின்னால் நின்றவர் இருமியதுதான் அதிகம் கேட்டது.

அன்புடன்,
வேதாசலம்


திருத்தணி
2.7.98

பாவாவுக்கு அம்சா எழுதுவது.

இங்கே அனைவரும் சுகம். அத்தைக்கு முட்டிவலி மழைக்காற்று வந்தால் கூடுகிறது, மற்றபடி குறையில்லை. உங்கள் மகள் தீபா சாப்பாட்டைப் பற்றிப் புகார் எழுதுகிறாள். புகார் எழுதத் தெம்பு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் மோர் குடிக்கிறீர்களா?

எல்லப்பன் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். கல்லூரி வகுப்பில் வருஷா வருஷம் ஸ்பிரிங் பாடம் நடத்துகிறவள் நான். கார் ஓட்டக் கற்று இரண்டு வருஷம்தான் ஆகிறது என்றாலும் இந்த ஊர் ரோட்டில் தினமும் ஓட்டுகிறேன். எனக்குச் சில சந்தேகங்கள். ரேஸ் ஓடுகிற தளம் கண்ணாடி போல இருக்கும், நம் ரோடு அப்படியா? ரேஸில் ஓட்டுகிறவர் ஒருவர்தான், நம் வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறோம்? இரண்டு அங்குலம் தாழ்ந்தால் பள்ளிக்கூடத்து வாசல் வேகத்தடையை எப்படித் தாண்டுவது? அங்கே நன்றாக இருப்பது இங்கேயும் நன்றாக இருக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பதில் பார்த்தபின் மாட்டச் சொல்கிறேன்.

அம்சா


ஷார்ஜா
25.7.98

அன்புள்ள அம்சாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மோர் குடிக்கிறேன்.

உன் கடிதத்தை ரூமில் இருக்கிறவர்களுக்குப் படித்துக் காட்டினேன். "என்னண்ணா, பெண்டாட்டியா, பிரேக் இன்ஸ்பெக்டரா?" என்று ஒருத்தன் கேட்டான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நீ மலை ரோட்டை யோசித்துப் பார். கோயிலுக்கு ஏறும் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி ஒரு பக்கம் சாய்கிறதே, அம்மா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்பாளே, அது ஏன்? ஸ்பிரிங் தொளதொள என்று இருப்பதால். விறைப்பான ஸ்பிரிங் சாயவிடாது. வண்டி தரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போகும். திருப்பினால் அந்த நொடியே திரும்பும். அதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்? வேகத்தடை வந்தால் மெதுவாகப் போ, அவ்வளவுதான்.

நான் எண்ணெயில் கை வைத்தே தலை நரைத்தவன். பாடப் புத்தகத்தில் இருக்கிற ஸ்பிரிங் வேறு, வண்டியில் இருக்கிற ஸ்பிரிங் வேறு. மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்.

வேதாசலம்


திருத்தணி
30.8.98

பாவாவுக்கு அம்சா எழுதுவது.

எல்லோரும் நலம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி எடுக்க முடியவில்லை. காவடிகள் போன பிறகுதான் தணிகைமணி வந்து வண்டியை அரக்கோணம் கொண்டுபோனார். சாமான்கள் பொருத்தமாக உட்கார்ந்தனவாம். ஒரு ஓட்டையும் மாறவில்லை, நீங்கள் சொன்னபடியே.

இரண்டு வாரம் வண்டியை அவரே வைத்திருந்தார். நகரிக்கும் புத்தூருக்கும் ஓட்டினார். நேற்று கொண்டுவந்து விட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணி, வண்டி சும்மா தேர் மாதிரி போவுது. பழைய ஸ்பிரிங்குல பின்னாடி உக்காந்துக்கும், இப்ப நிமிந்து நிக்குது. அண்ணன் கையிக்கு மோதிரம் போடணும்."

இன்று விடிந்ததும் நான் மலைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். தனியாகத்தான். வளைவுகளில் வண்டி சாயவில்லை. திருப்பிய உடனே திரும்பியது. கீழே இறங்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக வந்தேன், அப்போதும் நேராக இருந்தது. மலை ரோட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னது சரி. ஒப்புக்கொள்கிறேன்.

மற்ற ரோடுகளை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

அம்சா


ஷார்ஜா
20.9.98

அன்புள்ள அம்சாவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பதாக உன் கடிதம் சொன்னது. நீ "ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிய வரியைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை இப்போதுதான் பார்க்கிறேன்.

மேனேஜரிடம் பேசிவிட்டேன். ஜனவரியோடு முடித்துக்கொள்கிறேன் என்றேன். அவர் முகம் கறுத்தது. "இந்த வயதில் ஊரில் போய் என்ன செய்வாய்?" என்றார். பட்டறை போடுவேன் என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். தணிகையும் எழுதியிருக்கிறான். கனகம்மாசத்திரத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் காலியாகிறதாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ ஸ்பிரிங்கைப் பற்றி எழுதினாய், வளைவைப் பற்றி எழுதினாய். நான் வருவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? உனக்குச் சந்தோஷம்தானே?

வேதாசலம்


ஷார்ஜா
28.10.98

அம்சா,

சௌக்கியமா? உன்னிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தபால்காரர்கள் ஸ்டிரைக்கா? எல்லப்பன் லீவு முடிந்து திரும்பி வந்தான். அண்ணி நன்றாக இருக்கிறார், எங்கே பார்த்தாலும் காரில்தான் போகிறார், சோளிங்கர் ரோட்டில்கூடப் பார்த்தேன் என்றான். ஊர் முழுக்கச் சுற்ற நேரம் இருக்கிறது, எனக்கு நாலு வரி எழுத நேரம் இல்லை.

ஷெட்டுக்காரர் பதில் கேட்கிறாராம். சரி என்று சொல்லிவிடட்டுமா?

வேதாசலம்


திருத்தணி
15.11.98

பாவாவுக்கு அம்சா எழுதுவது.

நான் நலம். அத்தை நலம். தீபாவுக்குத் தேர்வு நடக்கிறது. உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தாமதத்துக்கு நானே காரணம், தபால்காரர்கள் இல்லை.

ஷெட்டுக்குச் சரி என்று சொல்ல வேண்டாம்.

செப்டம்பரிலிருந்து வண்டியை எல்லா ரோட்டிலும் ஓட்டினேன். காலையில், மதியத்தில், மழை பெய்யும்போது, பெய்து ஓய்ந்தபிறகு. அரக்கோணம், பொதட்டூர்பேட்டை, சோளிங்கர், கனகம்மாசத்திரம். நான் தனியாக, பிறகு ஆட்களோடு. இந்த ஸ்பிரிங் நம் ரோட்டுக்கு ஆகாது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஸ்பிரிங்கின் வேலை வண்டியை அசையாமல் வைத்திருப்பது மட்டும் இல்லை. பள்ளம் வந்தால் சக்கரம் இறங்க வேண்டும், மேடு வந்தால் ஏற வேண்டும், எந்த நேரமும் டயர் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு விறைப்பான ஸ்பிரிங்கில் சக்கரம் இறங்குவதற்குள் பள்ளம் முடிந்துவிடுகிறது. அந்தக் கண நேரம் டயர் காற்றில் இருக்கிறது. காற்றில் இருக்கும் டயர் பிரேக் பிடித்தாலும் நிற்காது, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. தரையைக் கட்டிப் பிடிக்கும் என்றீர்கள். தளம் வழவழப்பாக இருந்தால் பிடிக்கிறது. நம்மிடம் அப்படி இருப்பது மலை ரோடு ஒன்றுதான். அங்கே போய்வர ஆகும் சில நிமிஷத்துக்காக மற்ற நேரமெல்லாம் தாவித் தாவிப் போக வேண்டுமா?

அப்படியானால் உங்கள் தம்பிக்கு மட்டும் எப்படித் தேர் மாதிரி போயிற்று? இதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. போன ஞாயிறு பொதட்டூர்பேட்டைக்குப் போனபோது புரிந்தது. நகரிக்குப் போக நம் வண்டியைக் கேட்டு வாங்கி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு, தறியில் நெய்த லுங்கி பேல்களைக் கூரைவரை அடுக்கிக்கொண்டிருந்தார். "தணிகை, அந்த ரெண்டு வாரமும் இப்படித்தான் ஓட்டினீங்களா?" என்று கேட்டேன். "ஆங். பின்ன? காலி வண்டிய எவன் அண்ணி நகரிக்கு ஓட்டினு போவான்?" என்றார்.

அவர் வண்டியைக் காலியாக ஒரு நாள்கூட ஓட்டவில்லை. திரும்பி வரும்போதும் நூல் மூட்டை. அத்தனை பாரம் ஏற்றினால் இந்த ஸ்பிரிங் அளவாக அமுங்கி, அருமையாக வேலை செய்யும். ஆட்கள் மட்டும் உட்கார்ந்தால் அமுங்கவே மாட்டேன் என்கிறது. துணி மூட்டையை வைத்து நாம் மனிதர்களுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டோம்.

மனிதர்கள் சொன்னதையும் எழுதுகிறேன். சோளிங்கரில் ஒரு சீமந்தத்துக்கு அத்தையையும் தணிகையின் மனைவி கோமளவல்லியையும் அழைத்துப் போனேன். ஊரைத் தாண்டுவதற்குள் கோமளா, "அக்கா, இது காரா, மாவு மெஷினா? என் வளையல் எல்லாம் முழங்கைக்கு ஏறிடிச்சு" என்றாள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன் என்று பிறகு சொன்னார். கே.ஜி.கண்டிகை வந்ததும் டீக்கடை ஓரம் இறங்கிக்கொண்டார். "நீ போம்மா, நான் பஸ்ஸுல வந்துகினு இருக்கேன்" என்றார்.

மறுநாளே பழைய ஸ்பிரிங்கை மாட்டிவிட்டேன். உங்களுடையதைத் துடைத்து, எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அம்சா


பொதட்டூர்பேட்டை
24.11.98

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி தணிகைமணி வணக்கத்துடன் எழுதுவது.

இங்க எல்லாரும் சவுக்கியம். அம்மா உன்ன கேட்டதா எழுதச் சொல்லிச்சு. ரெண்டு தறி ரிப்பேர், மழையில கரண்டும் சரியில்ல. மத்தபடி ஓடுது.

அண்ணி உனக்கு எழுதிட்டேன்னு சொன்னாங்க. என்ன எழுதினாங்கன்னு கேட்டதுக்கு, ஸ்பிரிங்கப் பத்தின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அம்மா கே.ஜி.கண்டிகையில ஏன் எறங்கிச்சுன்னு அவங்க எழுதி இருக்க மாட்டாங்க. அதனால நான் எழுதுறேன்.

அன்னிக்கு மழை விட்டு ரோடு பூரா ஈரம். கண்டிகைக்கு முன்னாடி வளைவுல ரோடு பேந்து கெடக்கும், உனக்கே தெரியும். எதிர்ல ஷேர் ஆட்டோ. அண்ணி மெதுவாத்தான் போனாங்களாம். பிரேக் போட்டாங்க. வண்டி நிக்கல. குதிச்சிக் குதிச்சிப் பக்கவாட்டுல போயி, டீக்கடை பெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி நின்னுது. பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் எழுந்து ஓடிட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவல, முருகன் புண்ணியம். ஆனா கோமளா வீட்டுக்கு வந்து அழுதுச்சு. அண்ணி அழல. அம்மாவ பஸ் ஏத்திட்டு, அதே வண்டிய அவங்களே ஓட்டினு ஊருக்கு வந்தாங்க.

நான் மூட்டைய வச்சினு ஓட்டிட்டு சூப்பர்னு சொன்னேன். அதக் கேட்டுத்தான் நீ மேனேஜர்கிட்ட பேசிட்டே. எனக்கு மனசு கேக்கல. அண்ணி மேல கோச்சுக்காத. ஷெட்டுக்காரர்கிட்ட இப்போதைக்கு வேணாம்னு சொல்லிட்டேன்.

நீ எப்ப வர?

இப்படிக்கு,
தணிகைமணி


ஷார்ஜா
20.12.98

அம்சா,

உடம்பு எப்படி இருக்கிறது? நிஜமாகக் கேட்கிறேன். அன்றைக்கு எங்கேயாவது அடிபட்டதா? கழுத்து வலி இருக்கிறதா? தணிகை எழுதிவிட்டான். மனிதர்கள் சொன்னதை எழுதினாய், வண்டி செய்ததை விட்டுவிட்டாய். நான் அனுப்பிய சாமான் என் அம்மாவையும் உன்னையும் ரோட்டுக்கு வெளியே தள்ளியது. அது எனக்குத் தெரிய வேண்டாமா?

முதலில் கோபம்தான் வந்தது. மெக்கானிக் சரியாக மாட்டியிருக்க மாட்டான், டயர் தேய்ந்திருக்கும், நீ பயத்தில் பிரேக்கை ஒரேயடியாக மிதித்திருப்பாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. போன வெள்ளிக்கிழமை அதே சாமான் மாட்டிய ரேஸ் வண்டியை முதலாளியிடம் கேட்டு வாங்கி, எங்கள் கேம்ப்புக்குப் போகிற ரோட்டில் ஓட்டினேன். தார் பார்க்காத ரோடு. ரூம் ஆட்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டேன். ரேஸ் வண்டி என்றதும் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் மூன்று பேரும் இறங்கிவிட்டார்கள். "அண்ணா, நீங்க முன்னால போங்க, நாங்க நடந்து வரோம்." இந்த வண்டியை நான்தான் இத்தனை வருஷம் தயார் செய்கிறேன். தளத்துக்கு வெளியே ஒரு நாளும் ஓட்டிப் பார்த்ததில்லை.

திரும்பி வந்து சும்மா உட்கார முடியவில்லை. கேம்ப் ஆட்களை ஏற்றிப் போகிற வேனில் ஷாக் அப்சர்பர் எல்லாம் செத்துக் கிடந்தன. கம்பெனி போட்ட அதே சாதா ரகத்தில் புதிதாக மாற்றி, ரப்பர் புஷ் மாற்றி, சக்கரத்தை அலைன்மென்ட் போட்டு நேர் பார்த்து விட்டேன். மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது பின்னால் பேச்சுச் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் தூங்குகிறார்கள். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பார்த்துக் கைதட்டியவர்கள் உண்டு, தூங்கியவர்கள் கிடையாது.

ஆக, நீ சொன்னது சரி. ரேஸ் வண்டியின் கால்களை ரோட்டு வண்டிக்கு மாட்டக் கூடாது. எழுத்தில் கொடுத்துவிட்டேன், வேண்டுமானால் நீயும் அலமாரியில் ஒட்டிக்கொள்.

ஆனால் இதை நம்பித்தான் வருகிறேன் என்று சொன்னேன். இப்போது என்ன கையில் வைத்துக்கொண்டு வருவது? மேனேஜர் பழைய ஒப்பந்தத்தையே இன்னும் இரண்டு வருஷத்துக்குத் தயார் செய்து மேஜைமேல் வைத்திருக்கிறார். ஜனவரி முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் செப்டம்பரில் ஒன்று கேட்டேன். நீ ஸ்பிரிங்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாய். அதற்குப் பதில் இல்லை. நான் இல்லாமல் இருந்து உனக்குப் பழகிவிட்டதோ என்று தோன்றுகிறது. பழகியிருந்தால் அது உன் தப்பில்லை. சொல்லிவிடு, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

வேதாசலம்


திருத்தணி
2.1.99

பாவாவுக்கு,

கழுத்து வலி இல்லை. யாருக்கும் அடியில்லை. அத்தை நேற்றுகூட வந்திருந்தார். அதே காரில், பழைய ஸ்பிரிங்கோடு, நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். முந்தாநாள் படித் திருவிழாவுக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. தெருவில் நடக்க இடமில்லை.

கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். இந்த ஸ்பிரிங் நல்லதாக இருந்தால் நீங்கள் ஜனவரியில் வருவீர்கள், மோசமாக இருந்தால் வர மாட்டீர்கள் என்று நீங்களே ஏற்பாடு செய்துவிட்டீர்கள். அதனால் அது நல்லதாக இருந்துவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஒரு முடிவின்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டால் என் கண்ணையே நான் நம்புவதில்லை. அரக்கோணம் ரோட்டில் ஓட்டிய முதல் நாளே இது ஆகாது என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வேறு ரோட்டில், வேறு நேரத்தில், டயரில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிக்கொண்டே இருந்தேன். எல்லப்பன் சோளிங்கர் ரோட்டில் பார்த்தது அதைத்தான். நான் எங்கேயாவது தவறாகப் பார்த்திருக்கக் கூடாதா என்று தேடினேன். மழை ஈரத்தில் அத்தையை வைத்துக்கொண்டு அந்த வளைவில் போனதும் அந்தத் தேடல்தான். ஸ்பிரிங்மேல் பாதிப் பழி, மீதி என்மேல். அதனால்தான் அதை எழுதவில்லை.

செப்டம்பரில் "வாருங்கள்" என்று எழுதியிருந்தால், பிறகு "ஸ்பிரிங் சரியில்லை" என்று என்னால் எழுதியிருக்க முடியாது. இரண்டில் ஒன்றுதான் எழுத முடிந்தது. உண்மையாக இருந்ததை எழுதினேன். இப்போது அந்த வேலை முடிந்துவிட்டதால் மற்றதையும் எழுதுகிறேன். பழகவில்லை, பாவா. சமைக்கும்போது அரிசியைக் குறைத்துப் போடப் பழகியிருக்கிறேன். வேறு எதற்கும் பழகவில்லை.

என்ன கையில் வைத்துக்கொண்டு வருவது என்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். ஒரு வேன் நிறைய ஆட்களைத் தூங்க வைத்திருக்கிறீர்கள். இந்த மலைக்கு வருகிற வண்டிகளை நான் இப்போது கவனித்துப் பார்க்கிறேன். பாதி வண்டிகள் நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருக்கின்றன. ஷாக் அப்சர்பர் செத்தது தெரியாமல் குடும்பத்தோடு திருப்பதி போகிறார்கள். சக்கரத்தை நேர் பார்க்க அரக்கோணம் போக வேண்டியிருக்கிறது. ரேஸ் வித்தை தேவைப்படாத ஊரில் உங்களுக்கு வேலை இருக்காது என்று யார் சொன்னது? கனகம்மாசத்திரம் ஷெட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தணிகைக்கே தெரியாமல் நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கூரை ஒழுகவில்லை. நான் ஷெட்டுக்காரரிடம் பிப்ரவரியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் சொன்னேன்.

டிக்கெட் எடுத்ததும் தேதியை மட்டும் எழுதுங்கள், போதும். அன்றைக்குக் கல்லூரி இருந்தாலும் லீவு போட்டுவிட்டு மீனம்பாக்கத்துக்கு நானே வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். பெட்டிகளைப் பின்னால் போட்டுவிட்டு முன் சீட்டில் உட்காருங்கள். திருவள்ளூர் தாண்டும்வரை நான் கியர் மாற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

உங்கள்
அம்சா